மோகினிக்கு நகம் வேண்டாம்

வணக்கம். எங்கள் ஊர்ப் புளியமரத்து மோகினி கதையை வைத்துப் பூங்காவில் 12 அடி சிமெண்ட் சிலை வைத்தோம். விரித்த கூந்தல், கோரைப்பல், நீண்ட நகம் எல்லாம் உண்டு. இரண்டாவது மழைக்கே நகமும் முடிக்கற்றைகளும் வெடித்துத் துருநீர் வடிகிறது. கேரளத்தில் மலம்புழா அணைப் பூங்காவிலுள்ள யட்சி சிலை இத்தனை வருடம் நிற்கிறதே! பூசி, பெயிண்ட் அடித்தால் போதுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து அது நெட்டித் தள்ளுவதால்தான் கலவை வெடிக்கிறது. மேலே பூசினால் அடுத்த மழையில் அந்தப் பூச்சும் பெயரும்.

வெளியில் நிற்கும் சிலையில் கம்பிக்கு மேல் 25 மி.மீ. கலவையாவது வேண்டும். விரல் கனத்து நகத்துக்குள் 8 மி.மீ. கம்பி போனால் அதற்கு இடமேது?

மலம்புழா யட்சியைக் கவனித்துப் பாருங்கள். கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்தது, சுமார் 30 அடி. கால்களை அகட்டி உட்கார்ந்து, முகத்தை மேலே நிமிர்த்தி, கண்கள் செருகி, இரு கைகளையும் கூந்தலுக்குள் விட்டிருக்கிறாள். கைகள் தலையோடு சேர்ந்துவிடுவதால் தனியே நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. கதைகளிலும் யட்சி எடுத்தவுடன் பல்லைக் காட்டுவதில்லை. வழியில் அழகியாக நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்புதான் கேட்கிறாள். பயம் அந்த உடம்பின் இருப்பிலேயே இருக்கிறது. உங்கள் மோகினிக்கும் அது போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே நகத்தையும் பல்லையும் எடுத்துவிடுங்கள். கூந்தலை முதுகோடு ஒட்டிய ஒரே திரளாக்குங்கள். மற்ற வெடிப்புகளில், துருவில்லாத கம்பி தெரியும்வரை கொத்துங்கள். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைய வேண்டும். கம்பி பிரஷால் தேய்த்துத் துத்தநாகப் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். கால்வாசி தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டுங்கள். பழைய பரப்பை நனைத்துச் சிமெண்டுப் பால் தடவி, அது காய்வதற்குள் 1:3 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) திணிக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 20 லிட்டர். கொத்தனார் இன்னும் கொஞ்சம் கேட்பார், கொடுக்காதீர்கள். பிறகு ஈரச்சாக்கு, 10 நாள்.

பெயிண்ட் ஒரு மாதம் கழித்துத்தான். அதற்கு முன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மடியிலோ கூந்தல் மடிப்பிலோ தேங்கினால் அங்கே சரிவு கொடுங்கள். எனாமல் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். வெளிச்சுவருக்கான அக்ரிலிக் வாங்குங்கள்.