யாரிடம் போவது, என்ன கேட்பது?

கேள்வி: விபத்தில் சிக்கி எட்டு மாதம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் பிரேக் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது, ராத்திரியில் அதே கனவு, அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை. ஒரு கவுன்சிலரிடம் போனேன். முதல் நாளே நடந்ததை ஒன்று விடாமல் சொல்ல வைத்தார். அப்புறம் பல நாள் தூக்கமே இல்லை, திரும்பப் போகவில்லை. எனக்குத் தெரபி ஒத்து வராதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒருவரிடம் சரிப்பட்டு வரவில்லை என்பதற்காக அந்த முடிவுக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் பி.டி.எஸ்.டி.யில், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்பில், வருகிற அறிகுறிகள்தான். இவை ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், உங்களுக்கோ எட்டு மாதம் ஆகிவிட்டது. அதனால் தேடுவதை விட்டுவிட வேண்டாம்.

இதில் பயிற்சி பெற்றவர் முதல் சந்திப்பில் விபத்தைத் தோண்டித் துருவ மாட்டார். இப்போது தூக்கம் எப்படி இருக்கிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். இந்த அறிகுறிகள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க, இருபது கேள்விகள் உள்ள பி.சி.எல்.-5 படிவத்தை நிரப்பச் சொல்லலாம். சிகிச்சை எப்படிப் போகும் என்று விளக்கிய பிறகுதான் அந்த நினைவுக்குப் பக்கத்திலேயே வருவார். ஆனால் ஒரு கட்டத்தில் வந்தே ஆக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் 'இந்த வாரம் எப்படிப் போச்சு' என்று ஆறுதலாகப் பேசி அனுப்புகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இந்தப் பிரச்சினைக்கு அது மட்டும் போதாது.

எனவே நேரம் வாங்குவதற்கு முன்பே போனில் கேளுங்கள். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்திருக்கிறீர்களா, எந்த முறையில், அதற்கு முறையாகப் பயிற்சி எடுத்தீர்களா, முன்னேற்றம் இருக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பீர்கள், நடுவில் என்னால் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டதற்கே எரிச்சல்படுகிறவர் உங்களுக்கு வேண்டாம்.

பதிலில் சில பெயர்கள் காதில் விழ வேண்டும். நினைவையும் தவிர்க்கும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் 'புரொலாங்டு எக்ஸ்போஷர்' ஒன்று, பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகளில் முடியும். 'எல்லாம் என் தப்பு', 'எங்கேயும் பாதுகாப்பில்லை' போன்ற எண்ணங்களைக் கேள்வி கேட்கப் பழக்கும் 'காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி' (CPT) இன்னொன்று, வழக்கமாக 12 அமர்வுகள். பிறகு இ.எம்.டி.ஆர்., நினைவை மனதில் கொண்டுவரும்போதே கண்ணை இருபுறமும் அசைக்க வைப்பார்கள். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வதுதான் உங்களுக்குச் சிரமம் என்றால் கடைசி இரண்டையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நடந்ததை விவரமாக விவரிக்காமலேயே அவற்றைச் செய்ய முடியும்.

புதியவரிடம் முதல் வார்த்தையாகவே, 'போன தடவை இப்படி ஆயிற்று, இந்த முறை மெதுவாகப் போகலாமா' என்று சொல்லிவிடுங்கள், அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் வீடியோ வழியாகவும் இந்தச் சிகிச்சைகள் நடக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் நல்ல ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கும் இதே பிரச்சினை. பேசுவதெல்லாம் வேண்டாம், மாத்திரை போதும் என்கிறான். போதுமா?
- ஒரு அக்கா

பதில்: சிலருக்கு மாத்திரை நன்றாகவே உதவும். செர்ட்ரலின், பராக்செடின் இரண்டுக்கும் இதற்காகவே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி உண்டு. தம்பி மனநல மருத்துவரைப் பார்க்கத் தயாராக இருந்தால் முதலில் அங்கே அனுப்புங்கள், பேச்சு சிகிச்சைக்கு அப்புறம்கூட மனசு வரலாம். ஆனால் அல்பிரசோலாம் மாதிரி பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையை மட்டுமே நீண்ட நாளாகப் போட்டுக்கொண்டிருந்தால் கவனம். அந்த நேரத்துக்கு நிம்மதி தரும், பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்தாது, பழகியும்விடும். அதற்காகத் தானாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் சொல்லித்தான் அளவைக் குறைக்க வேண்டும்.