சுவிட்சைப் போட்டால் போதுமா?

கேள்வி: ஒரு சிவன் கோயிலில் 8 வருஷமாக நாதஸ்வரம் வாசிக்கிறேன். மாதச் சம்பளம். காலை 6 முதல் 12, மாலை 4 முதல் 9 வேலை நேரம். எனக்கு முன்னால் இதே கோயிலில் வாசித்த அப்பா, "விடியக்காலையில எழுந்து சாதகம் பண்ணு, வாசிச்சுப் பழகு" என்று தினமும் சண்டை போடுகிறார். வீட்டில் வாசித்தால் கைக்குழந்தை எழுந்துவிடுகிறது, மனைவிக்கும் கோபம். பேங்கில் வேலை பார்ப்பவர் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நோட்டு எண்ணிப் பழகுகிறாரா? நான் மட்டும் ஏன்? என் வாசிப்பில் குறை என்று யாரும் சொன்னதில்லை. சாயங்கால பூஜையான சாயரட்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டு, ராத்திரி கடைசிப் பூஜையான அர்த்தஜாமத்துக்குப் போக நேரமானால்கூட குருக்கள் மோட்டார் மேளத்தைப் போட்டுச் சமாளித்துவிடுவார். ஒருத்தரும் கேட்டதில்லை.
- பெயர் வேண்டாம், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: தம்பி, இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்லை. டீச்சர்கள் கேட்டிருக்கிறார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு, "ஆபீஸ் வேலையை ஆபீஸிலேயே விட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி எழுத மாட்டேன். காரணம், உங்கள் கடிதத்தின் கடைசி வரி.

நீங்கள் போகாத ராத்திரி மோட்டார் ஓடியது, ஒருத்தரும் கேட்கவில்லை. இதைப் போய் உங்கள் கட்சிக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்களே! படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மெஷினுக்கு என்ன தெரியும்? முரசைத் தட்டும், மணியை அடிக்கும். சுவாமி பள்ளியறைக்குப் போகும்போது தாலாட்டு ராகமான நீலாம்பரி வாசிக்குமா? அதுவும் நீங்களும் ஒன்றுதான் என்று ஊர் நினைக்கிறதென்றால், ஊரை அந்த நிலைமைக்குப் பழக்கியது யார்? உங்கள் அப்பா வராத நாளில் யாராவது கேட்டார்களா? வீட்டில்தானே இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

பேங்க் கதையெல்லாம் வேண்டாம். நோட்டு எண்ணுகிறவர் வேலை நேரத்திலேயே எண்ணி எண்ணிக் கை பழகிவிடுகிறார். நீங்கள் 11 மணி நேரத்தில் எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்? காலையில் பூபாளம், பூஜைக்குக் கொஞ்சம், புறப்பாடு இருந்தால் மல்லாரி. எல்லாம் ஏற்கெனவே தெரிந்தது. வராத ஒரு பிருகாவை, வேகமாக உருளும் அந்த ஸ்வர வரிசையை, சந்நிதியில் நின்று நாற்பது தடவை தப்புத் தப்பாகப் போட்டுப் பார்க்க முடியுமா? அதற்கு வேறு இடம் வேண்டும், வேறு நேரம் வேண்டும். உங்கள் வாத்தியத்தில் விரல் வைக்க ஏழு துளைதான். மற்ற நுணுக்கமெல்லாம் மூச்சும் உதடும் பண்ணுகிற வேலை. சாதகம் விட்டுப்போனால் உதட்டுப் பிடி தளரும். இது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது. நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மனைவி கோபப்படுவதில் தப்பே இல்லை. ராத்திரியெல்லாம் குழந்தையோடு விழித்திருந்த பெண், விடிகாலையில் தலைமாட்டில் நாதஸ்வரம் கேட்டால் வேறென்ன செய்வாள்? (ஊருக்கே கேட்கிற வாத்தியத்தை நாலு சுவருக்குள் வாசிக்கச் சொல்லும் உங்கள் அப்பாவோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் சண்டைதான்.) ஆனால், 12 மணிக்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தானே திறக்கிறார்கள்? அந்த நாலு மணி நேரம் எங்கே போகிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டதும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணை ஒரு மணி நேரம் தூங்கவிடுங்கள். அப்புறம் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போங்கள். விடியலில் வாத்தியமே வேண்டாம், வாயால் பாடுங்கள். முதலில் பாடித்தானே எல்லோரும் நாதஸ்வரம் கற்றுக்கொள்கிறீர்கள்? மெல்லப் பாடினால் குழந்தையும் தூங்கும்.

சம்பளம் கோயில் கொடுப்பது, அதற்கு மணி பாருங்கள். வித்தை அப்பா கொடுத்தது, அதற்கு மணி பார்க்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது. பழைய காலத்துப் பேச்சு என்று தோன்றினால் தோன்றட்டும். அந்தக் கைக்குழந்தைக்கு நாளைக்கு நீங்கள் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்? மோட்டார் மேளத்தின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையா?

நாளை ராத்திரி அர்த்தஜாமத்துக்குக் கால் மணி முன்னாலேயே போய், "இன்னைக்கு மோட்டார் வேண்டாம் சாமி" என்று குருக்களிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீலாம்பரியில் எங்கே கோணுகிறது என்று வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவார். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.