லாப்ரடார் குட்டிக்கு ஓராண்டு உத்தரவாதம் போதுமா?

கேள்வி: எட்டு வார லாப்ரடார் குட்டி ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கவிருக்கிறேன். 48 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி நோயோ குறையோ இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்றும், ஓராண்டுக்குள் மரபுவழி நோய் உறுதியானால் குட்டியைத் திருப்பித் தந்து வேறொன்றைப் பெறலாம் என்றும், விற்பவர் குறிப்பிடும் சத்து மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்திடலாமா?

பதில்: இப்போதிருக்கும் வாசகத்தோடு கையெழுத்திட வேண்டாம். ஓராண்டு என்பது தாராளமான காலம்போல் தோன்றினாலும், இந்த இனத்துக்கு வரும் மரபுவழிக் குறைகளில் சில அதற்குப் பிறகே உறுதியாகின்றன. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து தேயும் ‘ஹிப் டிஸ்பிளேசியா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். சில குட்டிகள் ஆறேழு மாதத்திலேயே நொண்டத் தொடங்கும். வேறு சில, மூட்டு தேய்ந்து வலி முற்றும் வரை எதையும் காட்டிக்கொள்ளாமல் ஓடியாடும். மூட்டு எக்ஸ்ரேக்களைத் தரப்படுத்தும் அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ., நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே இறுதித் தரச்சான்று வழங்குகிறது. ஆகவே இடுப்புக்கும் முன்னங்கால் முழங்கைக்கும் மட்டுமாவது, எக்ஸ்ரே எடுத்து முடிவு வரும் அவகாசத்தையும் சேர்த்து, 26 மாதம் என்று எழுதித்தரக் கேளுங்கள்.

உத்தரவாதத்துக்கும் முன்னால் நான் கேட்டுப் பார்ப்பது தாய் தந்தையின் பரிசோதனை அறிக்கைகளைத்தான். விழித்திரை படிப்படியாகச் சிதைந்து பார்வை பறிபோகும் பி.ஆர்.ஏ. நோயில் லாப்ரடார்களிடம் காணப்படும் ஒரு வகையும், கடுமையாக ஓடிய பின் பின்னங்கால்கள் துவண்டு நாய் சரிந்துவிடும் இ.ஐ.சி. குறையும், இருபுறமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே குட்டியைத் தாக்குபவை. பெற்றோரில் ஒன்றுக்கு டிஎன்ஏ பரிசோதனையில் அந்தப் பழுது அறவே இல்லை என்று வந்திருந்தாலே, அந்த நோய் குட்டிக்கு வராது. இடுப்பு விஷயம் அப்படியன்று. பல மரபணுக்களோடு உணவும் உடல் எடையும் சேர்ந்து அதைத் தீர்மானிப்பதால், நல்ல மூட்டுள்ள பெற்றோருக்கும் குறையுள்ள குட்டி பிறக்கலாம். ஒப்பந்தம் கைகொடுக்க வேண்டியது அங்கேதான். இனப் பதிவுச் சான்றிதழையே உடல்நலச் சான்றாக நீட்டுபவர்களும் உண்டு. அது வம்சாவளியைச் சொல்லுமே தவிர மூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டச் சொல்வதில் தவறில்லை. இதய ஒலியில் கோளாறு, தொப்புள் குடலிறக்கம் போன்றவை பெரும்பாலும் முதல் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். தொற்று நோய்க்கும் அதே கெடு என்றால்தான் சிக்கல்: பார்வோ வைரஸ் உடலில் புகுந்து பொதுவாக மூன்று முதல் ஏழு நாளிலும், சில வேளை இரண்டு வாரம் கழித்தும்தான் வாந்தி பேதியாக வெளிப்படும். எனவே 14 நாள் கேளுங்கள். அதற்கும் மேல் கேட்டால், நோய் எங்கிருந்து வந்தது என்று விற்பவர் கேட்பதும் நியாயமாகிவிடும்.

மாற்றுக் குட்டி தரும் நிபந்தனை விற்பவரையே அதிகம் காக்கிறது. ஓராண்டு வீட்டில் வளர்ந்த நாயைத் திருப்பி ஒப்படைக்க மனம் வருபவர்கள் அரிது என்பது அவருக்கும் தெரியும். போதாததற்கு, மாற்றாக வருவது அதே தாய் தந்தையின் குட்டியாகவும் இருக்கலாம். நாயை வைத்துக்கொண்டே, வாங்கிய விலைக்கு மிகாமல் சிகிச்சைச் செலவைப் பெறும் வழியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

சத்து மாத்திரை பற்றிய வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். மரபணுப் பழுதை எந்த மாத்திரையும் திருத்தாது. அதில் கால்சியம் இருந்தால், வளரும் பெரிய இனக் குட்டியின் எலும்பு வளர்ச்சியே கெடக்கூடும்.

நோயை உறுதிசெய்பவர் விற்பவரின் மருத்துவர் மட்டுமே என்றிருந்தால், இரு தரப்பும் ஏற்கும் இன்னொருவரின் கருத்துக்கும் இடம் வையுங்கள். குட்டி இறந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்கப்படலாம். அப்போது உடலை உறைய வைக்காமல், குளிர்நிலையில் வைத்து விரைவில் ஒப்படைக்க வேண்டும், ஏனெனில் உறைந்த திசுவை ஆராய்வது கடினம். மைக்ரோசிப் பொருத்தப்பட்டிருந்தால் அதன் 15 இலக்க எண்ணையும், முன்பணம் எந்தச் சூழலில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் குறிக்கச் செய்து, திருத்தங்கள் அனைத்திலும் இருவரும் ஒப்பமிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.