எங்கள் நகரத்தில் நடக்கும் ஓவிய, சிற்பக் கண்காட்சிகளுக்கு லாப நோக்கம் இல்லாமல் ஓர் இணைய வழிகாட்டி நடத்த முடியுமா? செலவுக்கு என்ன செய்வது?

முடியும். சென்னைக்கு அப்படி ஒன்றை 2014-லிருந்து நடத்தி வருகிறேன். என்னோடு இன்னும் இரண்டு பேர். மூவருக்கும் பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே ஒரு நோட்டில் நகரத்து ஹால்களின் பெயரையெல்லாம் எழுதி வைத்துவிட்டீர்கள், வீட்டில் யாரோ "இதுல என்ன வரும்?" என்று கேட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. என்னையும் கேட்டார்கள். இன்னமும் கேட்கிறார்கள். அதனால் பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் சேர்ந்து எங்களுக்கு எந்த வருடமும் 6,000 ரூபாயைத் தாண்டியதில்லை. படங்களைச் சிறிதாக்கித்தான் ஏற்றுவோம். பெட்ரோலும் ஃபோனும் அவரவர் கைக்காசு. முதல் நான்கு வருடம் எதையும் பதிவு செய்யவில்லை, தேவையும் வரவில்லை. பிறகு ஒரு பெரியவர் 25,000 ரூபாய் தருகிறேன், 80ஜி ரசீது (நன்கொடை தந்தவருக்கு வரிச் சலுகை தரும் ரசீது) கிடைக்குமா என்று கேட்டார். அப்போதுதான் சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிந்து, வருமான வரித்துறையில் டிரஸ்டின் வரவுக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவும், 80ஜி அனுமதியும் வாங்கினோம். வாங்கினால் அதோடு முடியாது. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், நன்கொடை தந்தவர்களின் விவரத்தை மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், அனுமதியையும் காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். நான் கணக்குத் தெரிந்தவள் என்பதால் சமாளிக்கிறேன். உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால், உண்மையிலேயே நன்கொடை வரும்வரை இதில் இறங்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பொதுநலன் என்ற பொதுவான நோக்கத்தில் டிரஸ்ட் வைத்துக்கொண்டு விளம்பரம் போட்டுச் சம்பாதித்தால், அந்த மாதிரி வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருடத்து வரிவிலக்கு போய்விடும். அடுத்தது வெளிநாட்டுப் பணம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் துபாயிலிருந்து தன் சம்பளத்தில் வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், நல்ல ஆடிட்டரைக் கேளுங்கள். பின்னூட்டத்தில் யாராவது என்னைத் திருத்தினால் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

கேலரிகளிடம் மட்டும் காசு வாங்காதீர்கள். ஒரு கேலரி, பெயர் வேண்டாம், தங்கள் கண்காட்சியை எப்போதும் பக்கத்தின் தலையில் போட்டால் மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சொன்னது. மறுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர்களிடமிருந்து அழைப்பிதழே வரவில்லை. நாங்கள் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போய்ப் பார்த்து, அவர்கள் கண்காட்சி ஒன்று விடாமல் போட்டோம். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

2018-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. "மேடம், உங்க வெப்சைட்ல இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்னு போட்டிருந்துச்சு. இங்க பூட்டிக் கெடக்கு மேடம்." திண்டிவனம் பக்கத்திலிருந்து பேசினார். தையல்கடை வைத்திருப்பவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஒரு கண்காட்சியைக் காட்ட வேண்டும் என்று காலையில் பஸ் ஏறி, கோயம்பேட்டில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் வெறும் ஆணிகள். ஒரு மூலையில் பொட்டலம் கட்டிய சணல் கயிறு சுருண்டு கிடந்தது. முந்தின நாள் ராத்திரியே ஊருக்குத் திரும்புகிற வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்ததால் ஓவியர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் மேல் எனக்குக் குறை இல்லை. சொந்தக் காசில் ஹால் வாடகை கட்டிப் படம் மாட்டுகிறவர்களுக்கு வண்டி வாடகை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒரு தடவை ஃபோன் செய்து கேட்காதது என் தவறு.

அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு பரீட்சை அட்டையை எடுத்து, காகிதம் செருகி, கேட்டில் தொங்கிய பூட்டை வரைந்துகொண்டிருந்தாள். சாவித் துவாரத்தைச் சுற்றித் துரு ஏறியிருந்தது. அதைப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். வளைகம்பியில் விழுந்த வெளிச்சத்துக்கு மட்டும் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தாள்.

அவர்களை அப்படியே திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் பின்னால் போனேன். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் அந்தப் பெண் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் கீழே இருந்த குறிப்பைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஊர் பேரு இருக்கு, காலம் இருக்கு. செஞ்சவங்க பேரு இல்லையே?"

யார் என்று தெரியாது என்றேன். சோழர் காலத்தில் மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள், வார்த்த ஸ்தபதியின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் அப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

அப்பா சினிமா பேனர் வரைந்தவர். ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒரு கண்ணையே ஆள் உயரத்துக்கு எழுதுவார். கிட்டே நின்று பார்த்தால் ரோஸும் பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரியும், அண்ணா சாலையில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் முகம். படம் ஓடி முடிந்ததும் துணி இறங்கிவிடும். அதே துணி மேல் வெள்ளை அடித்து அடுத்த படம். ஓரத்தில் கம்பெனி பெயர் இருக்கும், எழுதிய கை யாருடையது என்று இருக்காது. ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போனது. அவர் வாழ்நாள் முழுக்க வரைந்ததில் இன்று எங்களிடம் இருப்பது, யாரோ எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதிலும் பேனர் பாதிதான் தெரிகிறது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, கூட இருக்கும் இருவரையும் ஃபோனில் பிடித்து இரண்டு விதி வைத்தோம். தேதி தவறக் கூடாது. பெயர் அழியக் கூடாது. இன்றுவரை எங்கள் வழிகாட்டி என்பது இவ்வளவுதான்.

தேதிக்காக வாரம் இரண்டு தடவை ஃபோன் செய்கிறோம். வியாழன் மாலை எல்லா இடத்துக்கும், பிறகு முடிவதற்கு முந்தின நாள் அந்தந்த ஓவியருக்கே நேரடியாக. கேட்பது: கடைசி நாள் எத்தனை மணிக்குப் படத்தை இறக்கப் போகிறீர்கள்? மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டுவீர்களா? படிக்கட்டு எத்தனை, சக்கர நாற்காலி போகுமா? எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்? ஓவியத்தைப் பற்றி ஒரு வரி குறைந்தாலும் பரவாயில்லை, இதில் எதுவும் குறையக் கூடாது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி கண்காட்சிக் கூடத்தைப் பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் தடவை வருகிறவருக்கு இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு எங்கே இறங்குவது என்பதே பெரிய விஷயம்.

பெயருக்காக, முடிந்த கண்காட்சியை நாங்கள் அழிப்பதில்லை. 'முடிந்தவை' என்று தனியாக வைக்கிறோம். 2,000-க்கு மேல் சேர்ந்துவிட்டது. ஓவியர் பெயர், தமிழில் அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே, அவரைக் கேட்டு. அழைப்பிதழ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது, நாமாகத் தமிழில் எழுதினால் ஒரே ஆள் நான்கு இடத்தில் நான்கு பேராகிவிடுவார். எத்தனை படம், எதில் வரைந்தது (ஆயில், வாட்டர் கலர் மாதிரி), அழைப்பிதழின் போட்டோ. இதற்கு என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஓர் ஓவியரின் மனைவி, பல வருடம் கழித்துக் கூப்பிட்டார். ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார்கள், இதுவரை நடத்திய கண்காட்சிகளின் பட்டியல் வேண்டும், கேட்லாக் அழைப்பிதழ் எல்லாம் கூழாகிவிட்டது. எங்களிடம் இருந்தது. தேதி, ஹால், 14 படங்கள். அனுப்பி வைத்ததும், "அவரு நடத்துனதுக்கு சாட்சியே இல்லைன்னு நெனச்சிட்டிருந்தோம்மா" என்று அழுதுவிட்டார். வரப்போகும் கண்காட்சியைச் சொல்ல இன்று இன்ஸ்டாகிராம் போதும். போனதை அது தேடிக் கொடுக்காது.

'இதெல்லாம் காசு இருக்கிறவர்கள் சமாசாரம், இதற்கு ஒரு வழிகாட்டியா' என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் இங்கே ஒரு கலைப் பள்ளி தொடங்கினார், அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966-ல் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) கைவினைப் பொருளும் செய்து விற்ற காசுதான் கை கொடுத்தது. பணக்காரர் யாரும் தூக்கிக் கொடுத்த இடம் இல்லை அது. மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குக் கீழே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதவர் யார்? அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான். கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் 2020-ல் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்க்க டிக்கெட் கிடையாது. எங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. நான் ஓவியம் படித்தவள் இல்லை, எது நல்ல ஓவியம் என்று நாங்கள் எழுதுவதும் இல்லை. அதைச் சொல்ல விமர்சகர்கள் இருக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, எழுதாமல் விட முடியவில்லை. என் மகன் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டிராயிங் பீரியடை சயின்ஸ் ரிவிஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். டைம்டேபிளில் டிராயிங் என்று இருக்கும், நடப்பது பௌதிகம். டிராயிங் சாரை விடைத்தாள் அடுக்கவும், ஆண்டு விழா மேடைக்குத் தெர்மாகோல் வெட்டவும் வைத்தார்கள். போய்க் கேட்டேன். "மார்க் வர்ற சப்ஜெக்டா மேடம்?" என்றார்கள். அந்த சார் ஒரு நாள் எங்கள் தளத்தில் கண்காட்சி போட முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார். 22 வாட்டர் கலர், எல்லாமே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அவர் வேலை செய்த பள்ளியிலிருந்து ஒருத்தர்கூட வந்து பார்க்கவில்லை. எத்தனை வழிகாட்டி நடத்தினாலும், பதினான்கு வயதில் பென்சிலைப் பிடுங்கிவிட்டால் கண்காட்சிக்கு யார் வருவார்கள்? பெற்றோராக இருப்பவர்கள் தயவுசெய்து அந்த பீரியடுக்காகப் பள்ளியில் சண்டை போடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. எந்த ஊராக இருந்தாலும் முதல் ஆறு மாதம் தளமே வேண்டாம், ஒரு கூகுள் ஷீட் போதும். வாரம் தவறாமல் ஃபோன் செய்ய உங்களால் முடிகிறதா என்பதை அதில் பாருங்கள். இன்னொருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு டெங்கு வந்த மூன்று வாரம் மற்ற இருவரும்தான் பட்டியலைக் காப்பாற்றினார்கள்.

திண்டிவனத்துப் பெண் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பு முடிந்து, போன வருடம் தோழிகள் ஐந்து பேரோடு சென்னையில் முதல் கண்காட்சி வைத்தாள். விவரம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆறு பேர் பெயரும் தமிழில், இனிஷியலோடு. ஹால், தேதி, பஸ் ஸ்டாப், மதியம் பூட்டும் நேரம், படிக்கட்டு நான்கு. கடைசி வரி: "அக்கா, ஞாயித்துக்கெழம மூணு மணிக்கே எறக்கிடுவோம். சாயங்காலம்னு போட்றாதீங்க."