பூங்கா இடத்தை மனையாக விற்கிறார்கள்: முதலில் வில்லங்கம் பாருங்கள்

நண்பரே, சேலத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் தன் மைத்துனரின் லேஅவுட்டுக்குச் சாலை போடும் தீர்மானத்தை ஆதரித்தார், அங்கே பூங்கா இடமும் மனையாக விலை போகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது.

சாலையை இப்போதைக்கு விடுங்கள், பூங்காவைப் பிடியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் தெருப் பூங்காவில் ஒருவர் முள்வேலி அடித்துத் தென்னங்கன்றே நட்டுவிட்டார். வில்லங்கத்தில் 'தானம்' என்று இருந்த ஒற்றை வரிதான் வேலியைப் பிரிக்க வைத்தது.

அப்புறம் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அங்கீகார வரைபடம், தானப் பத்திரம், மன்றத் தீர்மானம் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். 'ஏன் கொடுத்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 30 நாளில் நகல் வரவில்லையென்றால் முதல் மேல்முறையீடு. காகிதம் கையில் இருந்தால், உள்ளாட்சி முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம்.

அந்த மனைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் யாரையாவது தெரிந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.