விரால் மூச்சு வாங்கும் இடம்

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தக்கலைப் பக்கம். ஏப்ரலில் பத்து நாள் லீவில் வருகிறேன். மச்சானும் பத்து வயது மகனுமாக இரண்டு நாள் பேச்சிப்பாறை அணைப் பக்கம் தங்கி, ஒரு பெரிய விராலாவது பிடிக்க வேண்டும் என்று ஆசை. போன வருடம் புது ராடு, ரீல், ஸ்பூன் (மீன் போல மின்னும் தகட்டு இரை) எல்லாம் வாங்கிக்கொண்டு போய் நாள் முழுக்க வீசினோம். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. என்ன தப்பு செய்தோம்?

பதில்: உங்கள் ராடிலும் ரீலிலும் குறை இருக்காது. நாள் முழுக்க நடுத் தண்ணீரைப் பார்த்து வீசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அணையைப் பார்த்ததும் எல்லாருக்கும் அந்த ஆசைதான் வரும், கை பலம் உள்ள மட்டும் தூரமாக எறிய வேண்டும் என்று. அந்த ஆழத்தில் திரிவது கட்லா, ரோகு மாதிரியான மீன்கள். அவை ஸ்பூனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விரால் ஒளிந்திருந்து பாய்கிற மீன். முழங்கால் அளவிலிருந்து இடுப்பளவு வரை தண்ணீர், அதில் கொஞ்சம் கோரை, அல்லி இலை, மூழ்கிக் கிடக்கும் மரக்குற்றி, இவ்வளவு போதும் அதற்கு. கரையில் நீங்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளியே ஒன்று கிடந்திருக்கலாம். உங்கள் காலடிச் சத்தம் கேட்டு நகர்ந்திருக்கும்.

இந்த மீனைத் தேட ஒரு நல்ல வழி உண்டு. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் ஓர் அறை இருக்கிறது. அதனால் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தே ஆக வேண்டும். வேறு மீன்கள் துள்ளினால் தண்ணீர் சிதறும். விரால் வந்தால் சிதறாது. மூக்கு நுனி மட்டும் ஒரு நொடி தெரியும், 'ப்ளக்' என்று அடித்தொண்டைச் சத்தம் ஒன்று கேட்கும், வளையம் மெல்ல விரியும், பின்னாலேயே நாலைந்து குமிழி வரும். பெரிய மீனாக இருந்தால் எல்லாமே நிதானமாக நடக்கும், வளையமும் அகலமாக இருக்கும்.

ஆகவே போனதும் ராடை எடுக்காதீர்கள். நிழல் பார்த்து உட்கார்ந்து, இருபது நிமிடம் தண்ணீரை மட்டும் பாருங்கள். அந்த வேலையை மகனிடம் கொடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளின் கண் நம்முடையதைவிடக் கூர்மை. ஒரே இடத்தில் இரண்டு முறை மூச்சு கண்டால் மீன் அங்கேதான் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடமும் ஒன்றும் தெரியாவிட்டால் வீசி நேரத்தை வீணாக்காமல் அடுத்த இடம் போங்கள். நான் தூண்டில் பிடிக்க ஆரம்பித்த காலத்தில் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

சரி, ஏப்ரல் மாதம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, பாசனச் சானல்களில் தண்ணீர் நின்றுபோயிருக்கும் காலம். அடுத்த போகமான கன்னிப்பூவுக்காக அணை திறப்பது வழக்கமாக ஜூனில்தான். நடுவில் உள்ள மாதங்களில் அணையிலும் குளங்களிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே வரும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. நாளிதழ்களில் அன்றாடம் நீர்மட்டம் போடுகிறார்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கவனியுங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் புல் நிற்கும் ஓரமெல்லாம் காய்ந்து வெறும் மண்கரையாகிவிடும். அப்போது ஓடை வந்து சேரும் மடக்குகளிலும் மரக்குற்றிகள் தலைகாட்டும் இடங்களிலும்தான் பார்க்க வேண்டும்.

என் யோசனையைக் கேட்டால், இரண்டு நாளில் ஒரு நாளைக் குளத்துக்குக் கொடுங்கள். வேனிலில் குளம் சுருங்கும்போது விரால் எல்லாம் மடைக்குப் பக்கத்தில் உள்ள ஆழத்திலும் மிச்சமிருக்கும் தாமரைப் பரப்பிலும் வந்து ஒதுங்கும். பொழுது விடிந்து எட்டு மணி வரை, பிறகு நாலரைக்கு மேல் இருட்டும் வரை. நடுப்பகல் வீண். சாயங்காலம் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தால் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அனுமதி வாங்காமல் எங்கும் தூண்டில் போடாதீர்கள். குளங்களில் மீன்பிடிக் குத்தகை இருக்கும். குத்தகைக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், பிடித்ததற்குக் காசு கொடுக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அணைக்கு மீன்துறையில் கேட்க வேண்டும். அணையைச் சுற்றிய மலை வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது, உள்ளே நுழைய அவர்களிடமும் கேட்க வேண்டும். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களை விட்டுவிடுங்கள். 2022-இல் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்ட பறவை வாழிடங்கள் அவை. அறுந்து கிடக்கும் ஒரு முழம் தங்கூசி நரம்பு போதும், நாரையின் காலில் சுற்றிக்கொள்ள. அப்படி ஒரு பறவையைக் கையில் எடுத்து அறுத்துவிட்டிருக்கிறேன், கால் ஏற்கெனவே கறுத்துப்போயிருந்தது. எந்தக் குளமானாலும் மிச்ச நரம்பைப் பொறுக்கி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இனி சாமான். ஸ்பூன் பாசியில் மாட்டிக்கொள்ளும். அதை வைத்துவிட்டு ரப்பர் தவளை இரண்டு வாங்குங்கள். அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலை மேலேயே இழுக்கலாம். நைலான் நரம்புக்குப் பதில் 40 பவுண்டு பாரம் தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல், ஏழடி உயரத்தில் கொஞ்சம் விறைப்பான ராடு, 3000 அல்லது 4000 அளவு ரீல். உயிர்த்தவளையை முள்ளில் குத்தும் பழக்கம் ஊரில் உண்டு, அது வேண்டாம். வயலில் பூச்சியைத் தின்று தீர்க்கிற பெருந்தவளை வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் உயிர். ரப்பரே நன்றாக வேலை செய்கிறது.

மூச்சு கண்ட இடத்தின் மேல் போடாமல், அதைத் தாண்டி ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள். இலை மேல் விழுந்தால் நல்லது, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு மெல்ல நழுவவிட்டு, இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. விரால் பாயும்போது தண்ணீர் வெடித்த மாதிரி இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை தானாக வெட்டி இழுக்கும். அங்கேதான் பாதி மீன் போகிறது. வாய்க்குள் தவளை முழுதாகப் போக நேரம் வேண்டும். ராடு நுனியைத் தாழ்த்தி, நூலில் பாரம் தெரியும் வரை பொறுத்து, அப்புறம் பலமாக வெட்டி இழுங்கள். இழுத்தபின் விட்டுக்கொடுக்கக் கூடாது, அது தாமரைத் தண்டுக்குள் தலையை விட்டுவிட்டால் எடுப்பது கஷ்டம்.

மகன் எவ்வளவு நேரம் சும்மா இருப்பான்? அவனுக்கு ஒரு தக்கைத் தூண்டிலும் மண்புழுவும் கொடுத்துவிடுங்கள், ஜிலேபி கெண்டை கடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தண்ணீர் மேல் செம்மஞ்சள் நிறத்தில் கைப்பிடிக் குங்குமம் கொட்டியது போல ஒரு கூட்டம் நகர்ந்தால் அது விரால் குஞ்சு. அடியில் பெரிய மீன் காவல் நிற்கும். மழைக்காலத்தில் இது அதிகம். கோடை மழைக்குப் பிறகும் கண்ணில் படலாம். குஞ்சு நடுவே எதைப் போட்டாலும் அந்த மீன் கோபத்தில் பாய்ந்து மாட்டும். பிடிப்பது அவ்வளவு சுலபம். பிடித்தீர்களானால் காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ராடை மடக்கிவிட்டு மகனோடு உட்கார்ந்து பாருங்கள், அந்தக் கூட்டம் மூச்சு வாங்க ஒன்றாக மேலே வருவதைப் பார்ப்பதே தனி அனுபவம்.

வாலடியில் வளையமிட்ட கரும்புள்ளி உள்ள பூவிரால் மாட்டினாலும் விட்டுவிடச் சொல்வேன். கேரள எல்லைப்பக்க ஊர்களில் சேறுமீன் என்றால் தெரியும். விரால் இனத்தில் மிகப் பெரிதாக வளர்வது, இப்போது காண்பதே அரிது. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்கும் ஒரு கை கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடித்து, குறட்டால் முள்ளை எடுத்து விடுங்கள். சாதாரண விராலில் ஒரு கிலோ அளவில் ஒன்றிரண்டு குழம்புக்குப் போதும். அதைச் சாக்கில் கட்டித் தண்ணீருக்குள் முக்கி வைக்காதீர்கள், மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாமல் தண்ணீரிலேயே செத்துப்போகும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைத்தால் வீடு வரை உயிரோடு இருக்கும்.

தவளை எங்காவது சிக்கிக்கொண்டால் எடுக்க இறங்க வேண்டாம். தாமரைத் தண்டு காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார், அடியில் சேறு எவ்வளவு என்று கரையிலிருந்து தெரியாது. சில நூறு ரூபாய்ச் சாமான், நூலை அறுத்துவிடுங்கள். மகனுக்கு ஒரு மிதவை ஜாக்கெட் துபாயிலிருந்தே வாங்கி வாருங்கள்.