மாடு மீட்கப் போய் இறந்தவனும் மாவீரன்தான்

"ஒரு காலத்து மாவீரர்களை அடுத்த காலம் ஏன் மறந்துவிடுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ சிலையைக் காட்டி 'இவர் யார்?' என்று பிள்ளை கேட்க, பதில் வராமல் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி வேறு இடத்தில் சுடுகிறது.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்துக்கும் தண்டராம்பட்டுக்கும் நடுவே. எங்கள் கொல்லை வரப்போரம் இடுப்பளவுப் பலகைக்கல் ஒன்று நிற்கிறது. அதில் வில்லும் வாளுமாக ஓர் ஆள். ஆயா அதை வேடியப்பன் என்பார். பொங்கலுக்கு மஞ்சள் பூசி விளக்கேற்றுவார். நான் கல்லூரியில் படித்தபோது கல்வெட்டு படிப்பவர்கள் இருவர் வந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி மை ஒற்றினார்கள். கறுத்த தாளில் வெள்ளையாக வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து எழும்பியது. "தொறு மீட்டுப் பட்டான்" என்று படித்தார் பெரியவர். பெயர் இருந்த மூலை உடைந்துபோயிருந்தது.

"மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனா?" என்று கேட்டார் ஆயா. சாமியை மனிதனாக்கிவிட்டார்களே என்று கோபப்படுவாரோ எனப் பயந்தேன். அவரோ கல்லின் முன் உட்கார்ந்து, "எவள் பெற்ற பிள்ளையோ" என்று அழுதார்.

அன்று வீரம் என்றால் அதுதான். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய நடுகல்கூட, அதாவது இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்கூட, ஆகோள் பூசல் என்ற மாடு கவரும் சண்டையில் இறந்தவனுடையதுதான். எங்கள் பக்கத்து எடுத்தனூரில், எசமான் விழுந்த பிறகும் இரு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் பெயர் பொறித்து உருவம் செதுக்கியிருக்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் பெயர் அதில் ஆண்டுக்கணக்குச் சொல்லத்தான் வருகிறது. பின்னால், பெரும்படை வைத்திருந்தவர்களே வீரர்கள் என்றாகிவிட்டது. இராசராசனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் கண்கலங்கி நின்றவன்தான் நானும். ஊர் மாட்டை மீட்டவன் எப்போது சிறியவனானான் என்பதே என் ஆதங்கம்.

மாடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் எங்கள் கறவை மாடு மின்னல் தாக்கிச் செத்தது. காதில் காப்பீட்டு அடையாள வில்லை இல்லை என்று காப்பீட்டுப் பணம் தர மறுத்துவிட்டார்கள். முள்வேலியில் சிக்கிக் காது கிழிந்து வில்லை தொலைந்ததை முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். பத்து முறை அலைந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மாடு செத்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாடு போனால் குடும்பம் என்னவாகும் என்று அந்தக் கல்லை நட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது; அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்மையில் இரண்டு சாதிச் சங்கத்தார், "அவன் எங்கள் ஆள்" என்று கல்லுக்குப் பக்கத்தில் கொடி நட்டிருந்தார்கள். பெயரே உடைந்துபோன கல்லில் சாதியை எங்கே படித்தார்கள்? இரண்டையும் நானே பிடுங்கிப் போட்டேன். ஆயாவுக்குப் பிறகு அங்கே என் மனைவிதான் விளக்கேற்றுகிறாள்.